தங்கையின் கல்லீரலைப் பார்க்கக் காஞ்சிபுரம் போனேன்

குலதெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மனைவி முதல் வரியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போன மாசியில் என் தங்கை செல்வி தன் கல்லீரலில் பாதிக்கு மேல் கணவருக்குக் கொடுத்தாள். மாப்பிள்ளை குமரேசன் ஒரு சொட்டு குடிக்காத பட்டு நெசவாளி. பழைய காமாலைக் கிருமி ஒன்று உள்ளேயே குடியிருந்து ஈரலைச் சுருக்கிவிட்டது. கொடுக்க முதலில் முன்வந்தவன் அடியேன்தான். ஸ்கேன் பார்த்த டாக்டர், "உங்களுக்குக் கொழுப்பு அதிகம்" என்று அனுப்பிவிட்டார். இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய மெஷின் எதற்கு என்று கேட்டாள் செல்வி.

அறுவை சிகிச்சை சென்னையில், பொழுது விடிந்ததில் இருந்து இருட்டும் வரை. அறுவை செய்த டாக்டருக்குப் பத்துக் கை, கைக்கு இருபது விரல். தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக் குழாய்களை இணைத்தார். வெளியே காத்திருந்த நான் குடித்த காபியை ஊற்றியிருந்தால் காஞ்சியின் வறண்ட வேகவதி ஆற்றில் வெள்ளம் வந்திருக்கும்.

இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் இருப்பது கோர்வைத் தறி. சேலையின் உடலை மாப்பிள்ளை நெய்ய, வலப்பக்கம் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டு ஓடும் நாடாவைச் செல்வி எறிய வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் தறி நகராது. பாதிச் சேலையோடு நின்றுபோன பாவு நூல் தறியில் ஆறு மாதமாகக் காத்திருந்தது. குனிந்து எறிய அவள் வயிறு இடம் கொடுக்குமா? ஆவணி ஸ்கேனுக்குப் பிறகு உட்காரலாம் என்றார் டாக்டர். அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை ஆறேகால் பேருந்து. அறுபது கிலோமீட்டர் சொச்சம், என் முழங்கால் கணக்கில் அறுநூறு. எட்டு மணிக்குக் காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய்.

"பட்டுக் கடையா, கோயிலா சார்?" என்றார் ஓட்டுநர்.

"கல்லீரல் பார்க்க."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். கறிக்கடை தொறந்திருக்காது."

வாசலிலேயே செல்வி முகக்கவசத்தை நீட்டினாள். "மாட்டிக்கினு உள்ள வாண்ணா. அவருக்குச் சளி புடிக்கக் கூடாது." நியாயம்தான். நான் தும்மினால் ஏகாம்பரநாதர் கோபுரமே ஆடும்.

மாப்பிள்ளை தறிக்குழியில் மெல்ல இறங்கினார். செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நாடாவைப் பிடித்தபடி அவள் வயிற்றையே பார்த்தார்.

"இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? எறிங்க."

"வலிக்குதாமா?"

"என்னோடத உள்ள வச்சிக்கினு என்னையே கேள்வி கேக்கறீங்களா?"

"சோறு போட்டு வளத்தது நான்மா."

"சோறு வடிச்சது யாரு?"

மாப்பிள்ளை எறிந்தார். நாடா ஓடியது. செல்வி குனிந்தாள். ஒரு கணம் அவள் இடக்கை விலாவுக்குப் போனது. கை இறங்கியது. கரை நாடா போனது, திரும்பியது. முகக்கவசம் மூக்கு வரைதான் மறைக்கும், கண்ணை மறைக்காது என்ற குறையை அப்போதுதான் கவனித்தேன்.

இப்படி யாரையாவது பார்க்கப் போகிறவர்களுக்கு: இருமல் இருந்தால் போகாதீர்கள். கையைக் கழுவுங்கள். வெளிச் சாப்பாடு வாங்கிப் போகாதீர்கள். நான் வாங்கிய கோயில் இட்லியை வாசலில் நின்று நானே சாப்பிட வேண்டியதாயிற்று. சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு உண்டா என்று ஆரம்பத்திலேயே விசாரியுங்கள். கொடுக்க முன்வருகிறவர்கள், என்னைப் போல் ஆகாமல், கொஞ்சம் நடந்து பழகுங்கள்.

டாக்டருக்குக் கை இரண்டுதான். வேகவதி வெள்ளமும் கோபுரம் ஆடுவதும் அடியேன் சரக்கு. ஆனால் ஒரு சின்ன விஷயம் நிஜம். அன்று இருவரின் ஆவணி ஸ்கேனையும் நானே பார்த்தேன். அவள் வயிற்றில் மிச்சம் இருந்த ஈரலும் வளர்ந்துவிட்டது, அவருக்குக் கொடுத்த துண்டும் வளர்ந்துவிட்டது. நான் சொன்னதிலேயே நம்ப முடியாதது அதுதான்.