புதிதாக வந்தவை

வீட்டில் இருக்கிற சினிமா, பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டு, டிவியிலும் போனிலும் பார்க்க வைக்கிற மென்பொருள் அது. பல ஊர்க்காரர்கள் சம்பளம் இல்லாமல் சேர்ந்து எழுதுகிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து நானும் எழுதுவேன்.

அடுத்த பதிப்புக்கான திட்டத்தைப் பேசும்போதெல்லாம் நான் ஒன்றையே கேட்டேன். முகப்பில் 'புதிதாக வந்தவை' என்று ஒரு வரிசை வரும். ஒருவர் தனக்கென்று வைத்த வீடியோகூட அங்கே எல்லார் கண்ணிலும் படும். அதை மறையுங்கள் என்றேன். வீட்டுக்குள் யாரிடமிருந்து யார் மறைக்கப் போகிறார்கள் என்று கேட்டு, திட்டத்தின் கடைசியில் தள்ளினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கேட்டது அக்காவுக்காக. ராபர்ட்சன்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். மாமா கை நீட்டுகிற ஆள்; அவள் போனையும் நோண்டுவார். அவர் அடிப்பதை அவள் ஒளித்துவைத்த போனில் பிடித்து, எங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுவாள். "பத்திரமா வைடா, ஒருநாள் வேணும்" என்பாள். ஒவ்வொரு தடவையும் நான்தான் அதை வரிசையிலிருந்து கையால் எடுப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நான் சர்ச்சில் இருந்தபோது அவள் புதிதாக ஒன்று அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. மாமா கறிச்சோறு தின்றுவிட்டு டிவியில், சினிமா பார்க்க நான் போட்டுக்கொடுத்திருந்த தன் கணக்கைத் திறந்தார். வரிசையில் முதலாவதாக அவரே நின்றார், கையில் பெல்ட்டோடு.

"இன்னாடி இது?"

ரிமோட்டால் அவள் வாயில் அடித்தான். விழுந்தவளின் வலது கையைப் பின்னால் முறுக்கினான். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. நான் குக்கர் மூடியை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். மறுபடியும் போட்டேன். ரத்தம் டிவி வரைக்கும் தெறித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இழுக்காவிட்டால் கொன்றிருப்பேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

மாவுக்கட்டோடு அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மென்பொருள் எழுதுகிறவர்களின் அடுத்த கூட்டத்தில் அந்த வீடியோவைக் காட்டி அவர்கள் வாயை அடைக்கிறேன் பார் என்றேன். அவள் என் மேல் பாய்ந்தாள்.

"இன்னாடா பேசற? யாரும் பாக்கக் கூடாதுன்னு கேக்கறதுக்கு ஊருக்கே போட்டுக் காட்டுவியா? நான் அடி வாங்கறது உனுக்குப் படமா?"

சுருக்கென்றது. கூட்டத்துக்குப் போகவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டு, வரிசையில் மறைக்கிற அந்த வேலையை நானே எழுதி முடித்தேன். சரியாக வருகிறதா என்று பார்க்க அவன் கணக்கைத் திறந்தேன். வரிசையில் சினிமாக்கள் மட்டும் இருந்தன.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"எனுக்கு?"

அவள் கணக்கைத் திறந்தேன். எல்லாமே இருந்தன. கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, இடது கையால் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அத்தனையும் பென்டிரைவ்ல போடு. கூட வா, வாய மட்டும் தொறக்காத. ஸ்டேஷன்ல நானே காட்டறேன்."