பூதலூரிலிருந்து சென்னைக்கு, மடியில் என் எலும்போடு

போன சித்திரையில் கிளம்பினேன். இடது முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் ஒரு கட்டி. தஞ்சாவூரில் பயாப்ஸி எடுத்த டாக்டர், "ரத்தக்குழாய்ப் புத்துநோய்மா. ரொம்ப அபூர்வம். காலை எடுத்துடறதுதான் சேஃப்" என்றார், ஏதோ டீ சொல்கிற மாதிரி. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! இரண்டு ஏக்கர் நடவுக்கு நானே சேற்றில் இறங்குகிறவள். அபூர்வமென்றால் இன்னொருவர் பார்க்க வேண்டாமா?

எலும்புக் கட்டிகளையே பார்க்கிற சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "ரிப்போர்ட் பத்தாதுங்க, பிளாக்கும் வேணும்" என்றார்கள். பயாப்ஸியில் எடுத்த எலும்புத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக்.

வீட்டிலிருந்து பூதலூர் ஸ்டேஷன் ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டிய பஷீர் எங்கள் தெருக்காரர். "ரெண்டு காலோட வந்தாத்தான் திரும்ப ஏத்துவேன், சொல்லிட்டேன்க்கா" என்றார். சிரித்துவிட்டு இறங்கி, ரயிலில் அழுதேன்.

தஞ்சாவூர் லேபில், "பிளாக்கெல்லாம் வெளிய தர்றதில்லைங்க" என்றார்கள்.

"அது என் எலும்பு சார். வாங்காம நகர மாட்டேன்."

நகரவும் இல்லை. மத்தியானம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

அன்றிரவு தஞ்சாவூரிலேயே தங்கினேன். மறுநாள் காலை சென்னை ரயில், ஏழு மணி நேரப் பயணம். வெயிலில் மெழுகு இளகிவிடுமே என்று டிபன் டப்பாவில் வைத்து, ஈரத்துண்டு சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட் அம்மா, "டப்பால என்னங்க, புளியோதரையா?" என்றார். "என் எலும்புங்க" என்றேன். விழுப்புரம் வரை அவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

சென்னையில் பிளாக்கை மறுபடி சோதித்தார்கள். ரத்தக்குழாய்க் கட்டிதான், ஆனால் புற்றுநோய் இல்லை! ஒரு நாள் கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைத்தார்கள். மறுநாள் கட்டியைச் சுரண்டி எடுத்து, அந்தக் குழியை என் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்த துணுக்குகளால் நிரப்பினார்கள். கால் பிழைத்தது.

எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்குக் காலை எடுத்தே ஆக வேண்டியிருக்கும். ஆனால் அதற்குச் சம்மதிக்கும் முன் பிளாக், அதைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு, ஸ்கேன் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். முறைத்தால் நீங்களும் முறையுங்கள். நாள் கடத்த மட்டும் வேண்டாம்.

ஐப்பசியில் செக்கப் முடிந்து, ஊன்றுகோல் இல்லாமல் பூதலூரில் இறங்கினேன். "ஏறுங்கக்கா, காசு வேணாம்" என்றார் பஷீர்.

"போய்யா, நான் நடந்தே வர்றேன்."

வீடு வரைக்கும் காலி ஆட்டோ என் பின்னாலேயே மெதுவாக வந்தது.