பொம்பிளை பாக்கப் போன வீட்டில ஒரு சங்கு

ஞாயித்துக்கிழமை கொழும்பு கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டு ஹோல்ல பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

விழுங்கேல்ல. அதான் இதை எழுதுறன்.

முதல்ல எங்கட வீட்டு ஆளை அறிமுகப்படுத்துறன். பேர் முறுக்கு. ஹெர்மிட் கிராப், சங்குக்குள்ள குடியிருக்கிற சின்ன நண்டு. (கறிக்கு ஆகாது. வந்த முதல் நாளே என்ர மனுசன் கேட்டிட்டார்.)

மகள் ஆதிராவின்ர பிரெண்ட் கனடா போகேக்க குடுத்திட்டுப் போனது.

பிரச்சனை என்னெண்டா, நண்டு வளரும், சங்கு வளராது. முறுக்கு இருந்தது பெயிண்ட் அடிச்ச ஒரு பழைய சங்கு. உடம்பு பாதி வெளிய. காலை மடிச்சு வாசலை மூடக்கூட ஏலாது. சரியான சங்கு கிடைக்காட்டி செத்துப்போயிடும் எண்டு எங்கயோ வாசிச்சிட்டு வந்து ஆதிரா ஒழுங்காச் சாப்பிடவும் இல்ல.

நானும் தேடாத இடமில்ல. எந்தச் சங்கெண்டாலும் சரிவராதாம். வாய் வட்டமா இருக்கவேணும், இப்ப இருக்கிறதை விடக் கொஞ்சம் பெரிசா வேணும், பெயிண்ட் கூடாது, உடைஞ்சிருக்கவும் கூடாது.

(தம்பிக்குப் பொம்பிளை தேடேக்க கூட இவ்வளவு கண்டிஷன் போடேல்ல.)

எங்கட வெள்ளவத்தையில தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரையில பொறுக்கினது முழுக்க உடைசல். புறக்கோட்டையில ஒரு கடைக்காரர் கிரிக்கெட் கலர் அடிச்ச சங்கைக் காட்டி "மேக்க லஸ்ஸனய் நோனா" எண்டார், சிங்களத்தில, இது வடிவெண்டு. வடிவுதான். முறுக்கு மட்ச் பாக்கப் போகேல்லையே.

இப்ப தம்பிட கதைக்கு வாறன்.

எங்களோடதான் இருக்கிறான். கலியாணம் பேசி வந்தது. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில, வர ஏலாது. அதால மாப்பிள்ளை பகுதிக்குப் பெரிய ஆள் நான்தான். சீலை உடுத்து, ஹேண்ட்பேக்கில சொக்லேட் பெட்டி வச்சு, அவனையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனன்.

பிள்ளையின்ர பேர் தர்ஷினி. அவவின்ர அப்பாவிட்ட நான் முதல் சொன்ன கதையே இதுதான்.

"அங்கிள், எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். ஒரு துரும்பு கூட வேண்டாம்."

சொல்லிப்போட்டுத் திரும்பினா சோகேஸ். உள்ள, சங்கால செய்த ஒரு மயில். திருகோணமலைப் பக்கம் போனா வாங்கி வருவினமே, அது. வாலடியில ஒரு சங்கு. வட்ட வாய், பெயிண்ட் இல்ல, முறுக்குக்கு அளவெடுத்த மாதிரி.

தர்ஷினி தேத்தண்ணி கொண்டு வந்தா. தம்பி பொம்பிளையைப் பாத்தான். நான் மயிலைப் பாத்தன்.

கேட்டிருக்கலாமே எண்டு நினைப்பீங்கள். மாப்பிள்ளையின்ர அக்கா பொம்பிளை வீட்டில வாய் திறந்து ஒரு சாமானைக் கேட்டா, எங்கட ஆக்களிட்ட அதுக்கு ஒரே ஒரு பேர்தான். அதை இப்பதான் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறன்.

தர்ஷினியும் அவவின்ர அம்மா ஆன்ட்டியும் கப்புகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போச்சினம். அங்கிள் தம்பியைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்க நிண்டா ஹாபரில கப்பல் தெரியுமாம்.

சோகேஸ் பூட்டியிருக்கேல்ல. வாய் வட்டமோ எண்டு சின்ன விரலை விட்டுத்தான் பாத்தன், சங்கு கையோட வந்திட்டு.

இப்பிடித்தான் எழுத நினைச்சனான். பொய். கொஞ்சம் திருகினனான்.

காலடிச் சத்தம் கேட்டுது. சங்கை ஹேண்ட்பேக்குக்குள்ள போட்டன்.

வெளிக்கிடேக்க தம்பியின்ர முகத்திலயே தெரிஞ்சுது, பிடிச்சுப்போச்செண்டு. நான் பெரிய மனுசி மாதிரி தர்ஷினியைக் கிட்டக் கூப்பிட்டு சொக்லேட் பெட்டியை வெளிய இழுத்தன்.

பெட்டியோட சங்கும் வந்திட்டு! டைல்ஸ் நிலத்தில உருண்டு போய் அங்கிளின்ர காலடியில நிண்டுது.

அங்கிள் குனிஞ்சு எடுத்தார். சங்கைப் பாத்தார். சோகேசைப் பாத்தார். மயிலின்ர வாலில ஒரு ஓட்டை.

எனக்குக் காது ரெண்டும் சுட்டுது.

"அது... நண்டுக்கு" எண்டன்.

(உண்மை இவ்வளவு கேவலமான பொய் மாதிரிக் கேக்கும் எண்டு எனக்குத் தெரியாது.)

நண்டு, மகள், வட்ட வாய் எண்டு வாயில வந்ததெல்லாம் உளறினன். ஆன்ட்டி மெல்லமாச் சொன்னா.

"கேட்டிருந்தாத் தந்திருப்பம் தானே பிள்ளை."

ஏசியிருந்தாலும் பரவாயில்ல. அந்தத் "தானே" இன்னும் காதுக்குள்ள இருக்கு.

அங்கிள் சங்கை என்ர கையில வச்சுக் கொண்டு போகச் சொன்னார். வாங்கவும் ஏலாது, வேண்டாம் எண்டு சொல்லவும் ஏலாது. வாங்கினன். யோசிச்சுச் சொல்லுறம் எண்டு வழியனுப்பிச்சினம்.

த்ரீவீல் பிடிச்சு வந்தம். வெள்ளவத்தையில இறங்கேக்க தம்பி கேட்டான்.

"ஒரு துரும்பு கூட வேண்டாம், என்ன அக்கா?"

வீட்டை வந்து பசையைச் சுரண்டி, அவிச்சு, ஆறவச்சு, தொட்டிக்குள்ள வச்சன். முறுக்கு மீசையால தடவினான், உருட்டிப் பாத்தான், காலை உள்ளுக்கு விட்டு அளந்தான். பிறகு பழைய சங்கை விட்டிட்டுச் சட்டெண்டு உள்ள போயிட்டான். ஆதிரா துள்ளுறாள். எனக்கு அழுகைதான் வந்தது. களவெடுத்த சங்கு இவ்வளவு பொருந்தியிருக்க வேண்டாம்.

நேற்றுப் பின்னேரம் ஒரு மெசேஜ். தர்ஷினி.

"அக்கா, நண்டுக்கு அளவோ? மயிலில இதைவிடப் பெரிசும் ஒண்டு இருக்கு. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. உங்கட வீட்டுக்கு வரேக்க கழட்டிக்கொண்டு வாறன்."

திரும்பத் திரும்ப வாசிச்சிட்டு ஃபோனைத் தம்பியிட்ட நீட்டினன். ஞாயித்துக்கிழமையில இருந்து என்னோட முகம் குடுத்துக் கதைக்காதவன். வாசிச்சான். எழும்பிப் போய்த் தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தான்.

"அக்கா, இவன் எப்ப வளருவான்?"

நான் சிரிச்சனான்தான். ஆனா அங்கிளின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது? முறுக்கு வளர முதல் யாராவது ஒரு வழி சொல்லுங்கோ.