அடுத்தவன் வீட்டு வாய்க்கால்

கூட்டம் கூட்டுறதுதான் என்ரை உத்தியோகம்; பிரச்சினையைத் தீர்க்கிறது ஆரின்ரை உத்தியோகமெண்டு இன்னும் ஒரு கந்தோரும் எழுதித் தரேல்லை. என்னைப்போல பிரதேச செயலகத்திலை மாரடிக்கிறவைக்கு நான் சொல்லித் தெரியவேணுமே?

மாரி வந்தால் எங்கடை ஊர் முன்பள்ளிக்குள்ளை முழங்காலளவு வெள்ளம். இந்தமுறையும் நிண்டால் பள்ளியைப் பூட்டுறதெண்டு மேலிடம் சொல்லிப்போட்டுது. ரீச்சர் மங்களக்கா அழாக்குறையா வந்து நிண்டா. எனக்கும் மனம் கேக்கேல்லை. கந்தோர்க்காரரையும் ஊர்ச்சனத்தையும் ஒண்டா இருத்தி ஒரு குழு அமைச்சன்.

ஒருமனதான தீர்மானம்

பள்ளித் தண்ணி ஓடவேண்டிய வெள்ள வாய்க்கால் தூர்ந்துபோய்க் கிடக்குது. அது பிரதேச சபையின்ரை எண்டினம் றோட்டுக் கந்தோர்க்காரர். சபையார் கமநலக் கந்தோரின்ரை எண்டினம். கமநலத்து ஐயா வரைபடத்தை விரிச்சு, றோட்டு மதவுப் பாலத்தோடை தங்கடை எல்லை முடிஞ்சுதெண்டார். அடுத்த கூட்டத்துக்கு வடையோடை றோல்ஸும் வேணுமெண்டதிலைதான் எல்லாரும் ஒற்றுமை. கமக்காரர் செல்லையா அண்ணை எழும்பினார்.

"பிள்ளை, வேலிச் சண்டையிலை எல்லாரும் என்ரை காணி எண்டுவாங்கள். உந்த வாய்க்கால் ஒண்டைத்தான் ஒருத்தருக்கும் வேண்டாமாம்!"

மண்வெட்டி

அடுத்த கூட்டத்தை வாய்க்கால் கரையிலை வைச்சன். ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டான்ரை வேலி அரை முழம் வாய்க்காலுக்குள்ளை எண்டு காட்டினமே தவிர, தன்ரை வேலியை ஒருத்தரும் காட்டேல்லை. எனக்கு வந்த விசருக்கு, "அப்ப ஆளாள் அடுத்தவன் வீட்டு முன்னாலை வெட்டுங்கோ!" எண்டிட்டன்.

விடியவெள்ளணவே ஊர் முழுக்க மண்வெட்டிச் சத்தம். செல்லையா அண்ணை பக்கத்து வீட்டு முன்னாலை இடுப்பளவுக்கு வெட்டிக்கொண்டு நிக்கிறார்.

"என்ரை வீட்டு முன்னாலையெண்டால் கூலிக்கு ஆள் பிடிச்சிருப்பன். உவன்ரை எண்டபடியால் நானே வந்தனான்."

கேற்றடி

மழை கொட்டிச்சுது. வாய்க்கால் தண்ணி விழுந்தடிச்சு ஓடுது. ஆனால் முன்பள்ளிக்குள்ளை திரும்பவும் வெள்ளம்! குடையோடை தண்ணி போற வழியே நடந்தன். என்ரை வீட்டு வாசலிலை வந்து நிண்டிட்டன். கார் ஏறவெண்டு கேற்றடியிலை நான் ஊத்துவிச்ச கொங்கிறீட்டுத் தளம், வாய்க்காலைக் குறுக்கை மறிச்சு நிக்குது; தண்ணி திரும்பிப் பள்ளிப் பக்கம் ஏறுது. கீழை ஒரு குழாய்கூட வைக்கேல்லை. வெக்கத்திலை குடையை முகத்துக்குப் பிடிச்சன். பின்னாலை மங்களக்கா.

"தங்கச்சி, உது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் நடத்துறவவுக்கே கூட்டத்திலை ஆர் சொல்லுறது?"

நானே மூண்டு கந்தோருக்கும் ரெலிபோன் எடுத்தன். பின்னேரம் முன்பள்ளி வெள்ளம் வடிஞ்சு போச்சுது. மாசக்கணக்கா ஒரு வேலைக்கும் ஒண்டுசேராத மூண்டு கந்தோரும் என்ரை கேற்றடியை உடைக்க அரை மணித்தியாலத்திலை சுத்தியலோடை வந்து நிண்டதைத்தான், கூட்டு முயற்சியின்ரை வெற்றியெண்டு மேலிடத்துக்கு அறிக்கை எழுதினனான்.