வாசு மாட்டிய திரைக்கம்பி

என் மருமகன் வாசுவுக்கு ஆபீசில் கணினியைத் தட்டும் வேலை. வீட்டில் பல்பு மாற்றுவதற்கும் ஆள் கூப்பிடுவார். செமினியில் இருக்கும் அவருடைய அண்ணன் வேலாயுதம் எந்த விருந்துக்குப் போனாலும் நாலு பேர் முன்னால், "தம்பிக்கி ரெண்டு கையும் சோத்துக்கு மட்டும்தான்லா" என்பார். வாசுவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். காதுமடல் மட்டும் சிவந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸில் சொந்த அடுக்குமாடி வீடு வாங்கி முதல் தீபாவளி. புதுத் திரைச்சீலை தொங்காவிட்டால் நம் ஆட்களுக்குத் தீபாவளியே விடியாது. என் மகள் ஷாமினி போர்வை கனத்தில் சீலை தைத்து வாங்கினாள். இரும்புக் கம்பியை நானே மாட்டி அண்ணனுக்குக் காட்டுவேன் என்று வாசு லீவு போட்டார்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். ஏணி தேடியே பத்து மணி ஆகிவிட்டது.

"மாப்ள, பிராக்கெட்ல மூணு ஓட்டை இருக்கே. ஒரு ஸ்க்ரூதான் போடுறீங்க?"

"டைம் இல்ல அத்தை. ராகு காலம் வர்றதுக்குள்ள முடிக்கணும்லா."

இரண்டு நிமிடம் மிச்சம் வைத்து முடித்தார். மீதியை நல்ல நேரம் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஷாமினி சீலையைக் கோர்த்து ஒரு இழு இழுத்தாள். கம்பி, சீலை, ஒரு கைப்பிடிச் சிமெண்டு எல்லாம் சோபாவில் வந்து உட்கார்ந்தன.

"பாத்தீங்களா, ராகு காலம்!" என்றார் வாசு.

"ஆமா, ராகுதான் வந்து ஒத்த ஸ்க்ரூ போட்டுட்டுப் போனாரு" என்றேன்.

ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவரில் சொருகியிருந்த பிளாஸ்டிக் பிளக் கீழே கிடந்தது, அவர் எடுத்துப் பார்த்தார். வெறும் வெள்ளைத் தூள். துளை சுவர்ப்பூச்சைத் தாண்டிச் செங்கல்லைத் தொடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தார். ரெண்டு மணிக்கு வருகிறாராம்.

"ஆளக் கூப்பிடவா?" என்றாள் ஷாமினி.

"வேணாம்."

ராகு காலத்திலேயே ஏணியில் ஏறினார். செங்கல்தூள் சிவப்பாகக் கொட்டும்வரை துளை போட்டார். நீளமான பிளக், பிராக்கெட்டுக்கு மூன்று ஸ்க்ரூ, நடுவிலும் ஒரு பிராக்கெட். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். லேசான வேலையா அது!

வேலாயுதம் வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"யாரு மாட்டுனா?"

"நாந்தாண்ணே."

இரண்டு கையாலும் சீலையைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தார். கம்பி அசையவில்லை. இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தார்.

"எங்க ஹால்லயும் கம்பி சாஞ்சி நிக்குது. வந்து பாக்குறியா?"

"தீவாளி முடியட்டும்ணே. இப்ப கொஞ்சம் பிசி."

பிசியாம். திங்கட்கிழமை வரைக்கும் லீவு.