மகர்நோன்புத் திடலில் என் அம்பு

பச்சை மூங்கிலைத் தீயில் வாட்டும்போது சீறிக்கொண்டு வருமே ஒரு நீர், அதன் வாடை எனக்கு இன்றைக்கும் குமட்டும். அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பேரப்பிள்ளைகளான எனக்கும் தம்பிக்கும் ஒவ்வொரு மகர்நோன்புக்கும் வில் செய்து தருவார். வாட்டிய மூங்கில் பத்தையை முழங்காலில் வைத்து வளைத்து, சணலை முறுக்கி நாண் பூட்டி, நாணல் தட்டையில் அம்பு சீவி, யார் கண்ணையும் குத்திவிடக் கூடாதென்று நுனியில் துணி சுற்றுவார். சாமி விடுகிற அம்பு மாதிரியே மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டித் தரவேண்டும் என்று அந்த வருஷம் நான் அடம்பிடித்தேன். "சாமி கூடவா போட்டி போடுவ, தாயி?" என்றார். என் அழுகைக்கு முன்னால் அவர் பேச்சு எங்கே எடுபட்டது?

அமராவதிபுதூர்ப் பக்கத்து ஊர் எங்களுடையது. மகர்நோன்பன்று, அதாவது விஜயதசமி சாயங்காலம், சாமி குதிரை வாகனத்தில் திடலுக்கு வரும். சாமிக்காகக் குருக்கள் நாலு திசைக்கும் அம்பு விடுவார். அம்பு கிடைத்த வீட்டுக்கு அந்த வருஷம் குறையே வராது என்று நம்பிக்கை. அதற்காக மண்டை உடையாத வருஷமே கிடையாது. எங்கள் வயல் மூன்று வருஷமாகக் காய்ந்து கிடந்ததால், அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

மூன்று அம்பும் மேலத்தெருக்காரர்களுக்கே போயின. நாலாவதைக் குருக்கள் எடுப்பதற்குள், மாட்டுவண்டிமேல் நின்றிருந்த நான் என் அம்பை விட்டேன். ஏனென்றால், கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். அது கூட்டத்தின் நடுவில் போய் விழுந்தது. "சாமி அம்புடா!" என்று பாய்ந்தார்கள். மூக்குகள் உடைந்தன; ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பினான். அய்யா மட்டும், "பிள்ள விட்டதுடா அது, சாமி அம்பு இல்லடா!" என்று கத்திக்கொண்டே உள்ளே புகுந்து, குனிந்து அதைப் பிடித்தார். அந்தக் கையை ஒரு குதிகால் மிதித்தது. பிடியை விடாததால் மறுபடியும், மறுபடியும் மிதித்தது. மிதித்தவர் என் அப்பா. யார் கை என்று அவர் குனிந்து பார்க்கவே இல்லை.

அம்பைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிய பிறகுதான் கீழே கிடந்தவரைப் பார்த்தார். "எங்கப்பாவ மிதிச்சவன் எவன்டா?" என்று அலறி, பக்கத்தில் நின்ற மேலத்தெரு மனிதரைப் பல் தெறிக்கும்வரை அடித்தார். பாவம், அந்த மனிதர் எதற்கு அடி வாங்கினார் என்று அவருக்கே தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அய்யா என் காதோடு சொன்னார்: "நீ ஒண்ணும் பாக்கல. தெரிஞ்சா உங்கப்பன் உசுரோட இருக்க மாட்டான்." அந்த வருஷம் மழை பெய்ததா என்று கேட்காதீர்கள். கொட்டித் தீர்த்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். அய்யாவின் விரல்கள் சாகும்வரை நிமிரவில்லை.

இப்போது திடலில் கயிறு கட்டிப் போலீஸ் நிற்கிறது. விட்ட அம்பைக் கோயில் ஆட்களே பொறுக்கிக்கொள்கிறார்கள். என் பேரன் காரைக்குடிக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வில்லை வைத்துக்கொண்டு போன வாரம் வீட்டுக்குள் ஓடியதைப் பார்த்து, படுக்கையில் கிடந்த அப்பா அழுதார்.

"எங்கப்பா கைய மிதிச்சவன் மட்டும் கெடச்சிருந்தா, அவன் கால வெட்டி எறிஞ்சிருப்பேன்த்தா."

"ஏன்ப்பா இப்பப் போயி அத நெனைக்கிறீக?"

"நீ வண்டி மேலதான நின்ன. நீயுமா பாக்கல?"

"பாக்கலப்பா" என்றேன். வெடித்துப்போன அவருடைய வலது குதிகாலுக்கு அப்போது தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.