லியோனார்ட் சாரின் நெத்திலிச் சட்டம்

சாந்தோமில் லியோனார்ட் சாரின் வீட்டுக்கென்று தனி அரசியல் சாசனம் உண்டு. ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் நொச்சிக்குப்பத்தில் நெத்திலி வாங்க வேண்டும். வீடு வந்ததும், ஆங்கில எழுத்துகளை அடுக்கி வார்த்தை அமைக்கும் ஸ்க்ராபிள் பலகையை விரிக்க வேண்டும். ஒருவர் வைத்த வார்த்தையை இன்னொருவர் எதிர்த்தால் அகராதியைப் பார்க்க வேண்டும். தப்பு யார் பக்கமோ, அன்றைய நெத்திலி முழுவதையும் அவர்தான் ஆய வேண்டும். அப்பீல் கிடையாது.

சட்டத்தை இயற்றியவர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியரான சாரே. ஆகவே அது அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. உயிரெழுத்தே இல்லாத ஒன்றை வைத்துவிட்டு, "மலைப்பள்ளம்" என்பார். இன்னொன்றை வைத்து, "கூரைக்கல் வெட்டுற கருவி" என்பார். மனிதர் எவரும் எவரிடமும் பேசியிராத வார்த்தைகள். மகன் ஆஸ்வின் எதிர்ப்பான். அகராதி சார் பக்கம் சாயும். திங்கட்கிழமை அலுவலகத்தில் ஆஸ்வின் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

"வாயை வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாடா மகனே," என்று சார் அனுதாபம் தெரிவிப்பார்.

போன வருடம் ஒருநாள் சாருக்குச் சாவி என்ற சொல் வரவில்லை. கதவைக் காட்டி விரலைத் திருகினார். ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளை சுருங்குகிறது, வார்த்தைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றார். சார் அத்தீர்ப்பை முறைப்படி நிராகரித்தார்.

"போர்டுல என் வார்த்தை நிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. என்னிக்குத் தப்பா வைக்கிறேனோ, அன்னிக்குச் சொல்லிடுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

அன்றே அவர் மனைவி மர்சலின் சமையலறையில் அவசரச் சட்டம் பிறப்பித்தார்.

"இனிமே யாரும் அவரை எதிர்க்கக் கூடாது. மனுஷன் தாங்க மாட்டாரு."

"அப்போ மீன் யாரு ஆயறது மம்மி?" என்றான் ஆஸ்வின்.

"நானே ஆஞ்சிக்கிறேன்."

அதன்பின் சாரின் ஆட்டம் செழித்தது. எந்த அகராதிக்கும் எட்டாத உயரத்துக்கு அவர் போனார். மகள் சான்ட்ரா சளைக்காமல் மதிப்பெண் எழுதினாள். "அந்த டாக்டரை வந்து பாக்கச் சொல்லு," என்பார் சார்.

ஒரு ஞாயிறு, சார் ஆஸ்வினைப் பார்த்தபடியே, தன் முன்னால் கிடந்த எழுத்துகளை எடுக்க எடுக்க வந்த வரிசையில் பலகையில் அடுக்கினார். காத்திருந்தார்.

ஆஸ்வின் மின்விசிறியை ஆராய்ந்தான். சான்ட்ரா மதிப்பெண் எழுதினாள்.

"அர்த்தம் கேக்கலியா?"

"தெரியும் டாடி. ஏதோ பறவைதானே? முன்னாடியே சொல்லியிருக்கீங்க," என்றாள் சான்ட்ரா.

சார் பலகையை ஓரமாகத் தள்ளினார்.

"எவ்ளோ நாளா இப்படி விட்டுக்குடுக்கிறீங்க?"

ஆட்சேபணை தெரிவிக்காத சபை மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வைத்தது.

சார் எழுந்து சமையலறைக்குப் போனார். மர்சலின் கையிலிருந்த மீன் தட்டை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"விடுங்க. உங்களுக்குப் பழக்கமில்ல."

"தப்பா வச்சவன் நான்தானே. சட்டம்னா சட்டம்."

வாழ்நாள் முழுக்க ஜெயித்தவரின் ஆய்தல் அது. தலையைக் கிள்ளினால் பாதி உடம்பும் சேர்ந்து வந்தது. பிறகு ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"இதுக்குப் பேரு என்ன, மர்சி?"

கேலி செய்கிறாரா என்று மர்சலின் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை.

"நெத்திலி," என்றார்.

சார் தலையாட்டினார். அதை ஆய்ந்து போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தார். அதற்கும் பெயர் கேட்டார்.